நிலத்தடி அறைச் சுவரில் விரிசலா? அகலத்தைக் கடைசியில் பாருங்கள்

கான்கிரீட் பிளாக் சுவரில் விரிசலைக் கண்டால் எல்லோரும் முதலில் அதன் அகலத்தைத்தான் அளக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரோடு மல்லுக்கட்டிய பிறகு நான் முதலில் பார்ப்பது வேறு இரண்டு: விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, சுவர் நகர்ந்திருக்கிறதா.

1. போக்கைப் பாருங்கள்

டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் மெல்லிய கீறலும் தெரியும்.

மேலிருந்து கீழாக, நூல் மாதிரி ஒரே அகலத்தில் ஓடினால், பெரும்பாலும் பிளாக் காய்ந்து சுருங்கிய விரிசல்தான். சாந்து இணைப்பு வழியே படிப்படியாக ஏறி, ஒரு முனையில் வாய் பிளந்திருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம்.

கிடைமட்டமாக ஓடுவதுதான் வில்லங்கம். வெளியே மண் தண்ணீரைக் குடித்துச் சுவரை உள்ளே தள்ளுகிறது. களிமண் என்றால் ஊதி இன்னும் அழுத்தும். சுவரின் அடியைத் தரையும் தலையை மேல்தளமும் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி வளைந்து இணைப்பு வாயைத் திறக்கிறது. மூலைகள் வளையாது. அதனால் கிடைமட்ட விரிசலின் இரு முனையிலிருந்தும் மூலையை நோக்கிப் படி விரிசல்கள் கிளம்பும். அதை மட்டும் பார்த்து "அஸ்திவாரம் போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

2. தூக்குக்குண்டு கட்டுங்கள்

என்னைத் திணறடித்த இடம் இதுதான். நூலைச் சுவரை உரசும்படி தொங்கவிட்டால், வீங்கிய இடத்தில் முட்டி எல்லா அளவும் பொய்யாகிவிடும். மேல்தள உத்திரத்தில், சுவரிலிருந்து 100 மி.மீ. தள்ளிக் கட்டுங்கள். குண்டு ஆடிக்கொண்டே இருந்தால் ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள், அடங்கிவிடும். அப்புறம் ஒவ்வொரு பிளாக் வரிசையிலும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை எழுதுங்கள்.

மேலே 100, நடுவில் 82, கீழே 100 என்றால் 18 மி.மீ. தொப்பை. அடி வரிசையில் 100, அடுத்த வரிசையிலேயே சட்டென்று 90 என்றால் சுவர் அடியில் வழுக்கி உள்ளே வந்திருக்கிறது. தலையில் 100, கீழே போகப் போகக் கூடி 115 என்றால் தலை உள்பக்கம் சாய்கிறது. சுவரின் நடுவிலும் இரு மூலைக்கு அருகிலும் தனித்தனியாக எடுங்கள்.

லேசர் வேண்டாமா என்று கேட்பீர்கள். மலிவான லேசரில் அளவு விலகினால் நமக்குத் தெரியவே தெரியாது. குண்டு பொய் சொல்லாது.

3. காத்திருங்கள்

விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் சிறு புள்ளி வைத்து, இடைவெளியைத் தேதியோடு சுவரிலேயே எழுதுங்கள். ஒரு வருடமாவது பார்க்க வேண்டும். ஈரக் காலத்தில் விரிவதும் வெயிலில் மூடுவதும் சகஜம். திரும்ப மூடாமல் கூடிக்கொண்டே போவதுதான் ஆபத்து. ஆனால் கிடைமட்ட விரிசலும் தொப்பையும் சேர்ந்திருந்தால் காத்திருக்காதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பழுது வேலையை விற்பவரிடம் முதல் கருத்துக் கேட்கவே வேண்டாம். சுவர் மேலும் வளையாமல் இருக்க ஒட்டும் கார்பன் ஃபைபர் பட்டை பொதுவாக 50 மி.மீ. வளைவுக்குள்தான். அதைத் தாண்டினால் எஃகுத் தூண், வெளி மண்ணில் பதித்துச் சுவரைப் பிடிக்கும் நங்கூரம் என்று வேலை பெரிதாகும்.

4. தண்ணீரைத் திருப்புங்கள்

கூரைத் தண்ணீர் சுவரோரம் கொட்டுகிறதா? குழாயை 2 மீட்டராவது நீட்டுங்கள். மண் சரிவு வீட்டைவிட்டு வெளியே போகட்டும்; 3 மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம் போதும்.

பின்சேர்க்கை: விரிசலுக்குள் எபாக்சிப் பசையைச் செலுத்தி அடைக்கும் ஊசி போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வார்ப்பு கான்கிரீட்டுக்குச் சரி. பிளாக் உள்ளே பொள்ளல். மருந்து அந்தப் பொந்துக்குள் வழிந்து போய்விடும்.

இன்னொருவர் பூச்சு பூசிய சுவரில் புள்ளி வைத்து, எதுவும் அசையவில்லை என்று எழுதியிருந்தார். பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருந்தால் அந்த அளவை நம்ப முடியாது. சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், பொள்ளல் சத்தம் கேட்டால் அந்த இடத்தைக் கொத்தி, பிளாக் மேலேயே புள்ளி வையுங்கள்.