ஒதென்டிகேட்டர் கோட் எல்லாம் 'பிழை' என்கிறதா? மணிக்கூட்டைப் பாருங்கள்

மச்சான் கத்தாரிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு வந்து மூன்றாம் நாள். மின்னஞ்சலுக்குள் போக முடியவில்லை. கடவுச்சொல்லோடு சேர்த்துக் கேட்கும் கோட்டைத் தருகிற அப்தான் ஒதென்டிகேட்டர். அது காட்டும் ஆறிலக்கக் கோட் எதை அடித்தாலும் 'பிழை'. உதவிச் சேவைக்கு எழுதினார்; அப்பை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். திரும்ப எழுதினார், அதே பதில், ஒரு எழுத்தும் மாறாமல். போனைத் தூக்கிக்கொண்டு கல்லடிக்கு என்னிடம் வந்துவிட்டார். "அழிக்கச் சொல்றானுகள். மறுகா என்ன செய்யிற?"

படி 1: அழிக்காதீர்கள்

யார் சொன்னாலும் சரி. ஒதென்டிகேட்டருக்குள் இருக்கும் இரகசியச் சாவிக்கு (கோட் கணக்கிடப்படுவது இதை வைத்துத்தான்) வேறு பிரதி இல்லாவிட்டால், அப்போடு அதுவும் போய்விடும். கூகுளின் அப்பில் கணக்கோடு சேமிக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது, அதையும் நாம்தான் இயக்கியிருக்க வேண்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு அழித்துவிட்டு, ஒரு கணக்கை மீட்க மூன்று கிழமை அலைந்தவன். முதலில் அப்பின் மெனுவில் கணக்குகளை இடம்மாற்றும் பகுதிக்குப் போய், வீட்டில் உள்ள இன்னொரு போனில் கியூஆர் மூலம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

(என்னைக் கேட்டால் அண்ட்ரொயிட்டுக்கு ஏஜிஸ் என்ற ஒதென்டிகேட்டர் அப்தான். இலவசம், கடவுச்சொல் போட்ட பிரதியொன்றைக் கோப்பாக எடுத்து வைக்கலாம்.)

படி 2: நேரம் சரியாகத் தெரிந்தாலும் நேர வலயத்தைப் பாருங்கள்

நான் ஒரு மணித்தியாலம் மினக்கெட்டது இதில்தான். போனில் காலை பத்து. சுவரிலும் பத்து. நேரம் சரி என்று விட்டுவிட்டு வேறெங்கெல்லாமோ தேடினேன்.

விஷயம் இதுதான். மச்சானின் போனில் தானாக நேரம் எடுப்பது நிறுத்தப்பட்டிருந்தது. இங்கே வந்து இறங்கியதும் தோஹா நேரம் காட்ட, அவர் கையால் இரண்டரை மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டார். நேர வலயம் தோஹாவிலேயே நின்றது. பார்க்கிறவருக்குப் பத்து மணி. போனோ தோஹாவில் பத்து மணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கோட் கணக்கிடப்படுவது உலகப் பொது நேரத்தை வைத்து, 30 செக்கனுக்கு ஒன்றாக. அந்தப் பக்கத்துச் சேர்வர் ஒன்றிரண்டு கோட் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும். இரண்டரை மணித்தியாலம் என்றால் 300 கோட் முந்தி ஓடுகிறது. எப்படிப் பொருந்தும்?

செட்டிங்ஸில் திகதி, நேரம் பகுதிக்குப் போங்கள் (சாம்சங்கில் பொது மேலாண்மைக்குள் இருக்கும்). தானியங்கி நேரம், தானியங்கி நேர வலயம் இரண்டையும் இயக்குங்கள். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த கோட்டிலேயே மச்சானின் மின்னஞ்சல் திறந்தது.

படி 3: இன்னும் சரிவரவில்லையா? உதவிச் சேவைக்கு எழுதுங்கள்

தொலைபேசியில் அழைப்பது எனக்குப் பிடிக்காது. பாட்டைக் கேட்டுக் காது வலித்த பிறகு வருகிறவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். எழுத்தில் போனால் கையில் ஆதாரம் இருக்கும். போன் மொடல், அண்ட்ரொயிட் பதிப்பு, அப் பதிப்பு, திரையில் வந்த பிழைச் செய்தி சொல்லுக்குச் சொல், நடந்த நேரம் எல்லாம் போடுங்கள். "நேரத்தையும் நேர வலயத்தையும் சரிபார்த்துவிட்டேன், அப்பை அழிக்க மாட்டேன்" என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்த அச்சடித்த பதில் வராது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வங்கி அப் என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் திருப்தியில்லாவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935 தொலைபேசி இலக்கம். போன் கம்பனியோடு பிரச்சினை என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900.

பிற்சேர்க்கை: இரண்டையும் இயக்கியும் சரிவரவில்லை என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. அவவின் போனில் சிம் இல்லை, வைஃபை மட்டும். சிம் இல்லாத போன் சிலவேளை வலயத்தைப் பிடிக்காது. தானியங்கி வலயத்தை நிறுத்திவிட்டுக் கொழும்பைக் கையால் தெரிவு செய்யுங்கள், நேரம் மட்டும் தானாக வரட்டும்.

மடிக்கணினியிலும் இதே கூத்துத்தான். விண்டோஸ் பட்டியலில் கொழும்பைத் தேடிக் களைக்க வேண்டாம். +05:30க்குப் பக்கத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று போட்டிருப்பார்கள். சென்னையும் அதே +05:30தான், அவசரத்துக்கு அதைத் தெரிவு செய்தாலும் கோட் வேலை செய்யும்.