புகை வராம விறகு அடுப்பு எரிக்கிறது எப்படி

கேஸ் விக்கிற வெலைக்கு நெறைய பேர் கொல்லைப்பக்கம் மறுபடியும் மண் அடுப்பு போட்டுடுறாங்க, அப்புறம் புகை தாங்கலன்னு ஒரே வாரத்துல மூலைல போட்டுடுறாங்க. புகைன்னா என்ன, முழுசா எரியாம வெளிய போற விறகுதான் அது, காசும் அதோடயே போகுது. விறகையும் காத்தையும் சரி பண்ணிட்டா முக்காவாசி பிரச்சினை தீர்ந்துடும்.

மொதல்ல விறகு. அப்ப வெட்டின மரத்துல கிட்டத்தட்ட பாதி எடை தண்ணிதான், அது 20 சதவீதத்துக்குக் கீழ எறங்கணும். வெட்டினதும் பிளந்துடுங்க, உருண்டைக் கட்டையா போட்டா உள்ள காயவே காயாது, தரைல படாம ரெண்டு கல்லு வச்சு அதுமேல அடுக்கி, மேல மட்டும் தகரம் போட்டு பக்கமெல்லாம் காத்தாட விடுங்க, தார்ப்பாய் போட்டு சுத்தி மூடிட்டா வேர்த்து பூசணம் பிடிச்சிடும். ஆறு மாசம் கெடந்தா நல்லது. ரெண்டு கட்டைய ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாருங்க, காஞ்சதுன்னா 'ணங்'னு கேக்கும், ஈரம்னா 'தொப்'புனு அமுங்கும், வெட்டு முனைலயும் வெடிப்பு தெரியணும். சவுக்கு, கருவேலம், புளி எல்லாம் தணல் நின்னு எரியும், முருங்கை வேஸ்ட். அரளி வேண்டவே வேண்டாம், அதோட புகையும் விஷம். பெயிண்ட் அடிச்ச பலகை, பிளைவுட், பாலித்தீன் கவர் இதெல்லாமும் அடுப்புக்குள்ள போகக்கூடாது.

பத்த வைக்க பன்னாடை, கொட்டாங்குச்சி போதும், மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க. வாய் நெறைய விறகத் திணிக்கறதுதான் எல்லாரும் பண்றது, அதுலதான் அடுப்பு மூச்சு முட்டுது. மெல்லிசா பிளந்தது ரெண்டு மூணு போதும், நுனி எரிய எரிய உள்ள தள்ளிக்கிட்டே இருக்கணும், கட்டைக்கு அடில காத்து போக சந்து வேணும். சாம்பல தெனமும் அள்ளிடுங்க, ஆனா தகர வாளில, வெளிய ஆறினமாதிரி இருந்தாலும் உள்ள கங்கு மறுநாள் வரைக்கும் கூட இருக்கும், குப்பை மேட்டுல கொட்டினா வைக்கோல்போர் வரைக்கும் தீ பத்திக்கும்.

அடுப்புல கீறல் விட்டா ஆறினப்புறம் அந்த எடத்த தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு புத்து மண்ணு, மணல், உமி கலந்து பூசுங்க, வெறும் களிமண்ணு மறுபடி வெடிக்கும். நெழல்ல காயட்டும். சூட்டோட தண்ணி ஊத்தி அணைக்கறத விட்டாலே பாதி கீறல் வராது.

புகைபோக்கி இருந்தா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ கயித்துல பழைய சாக்க உருண்டையா கட்டி மேலருந்து கீழ இழுத்து கரிய எறக்கிடுங்க, உள்ள தாரு மாதிரி பிடிச்சுக்கிட்டா அதுவே தீப்பிடிக்கும், கூரை வீடுன்னா ரொம்ப ஜாக்கிரதை.

மழை, குளிர்னு கரித் தணல வீட்டுக்குள்ள வச்சுட்டு கதவ சாத்தித் தூங்கவே தூங்காதீங்க. புகை தெரியாது, வாசனை இருக்காது, ஆனா அதுலருந்து வர்ற கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்துலயே ஆளக் கொன்னுடும். தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருந்தா ஒடனே எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்துட்டு 108-க்கு கூப்பிடுங்க.