வேல்ஸில் முதல் குளிர்காலமா? ஒரு ஞாயிறு டேர் பள்ளத்தாக்குக்கு நடக்கப் போங்கள்

கார்டிஃப் வந்து வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒழுங்காவதற்குள் டிசம்பர் வந்துவிடும். மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டு. வேலை, வீடு, மறுபடி வேலை என்றே என் முதல் குளிர்காலம் போனது. ஜனவரியில் யாரோடும் பேசவே பிடிக்கவில்லை. அடுத்த வருடம் என்னோடு வேலை செய்யும் ஒருவர் தன் நடைக் குழுவுக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். நீங்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்.

முதல் நடைக்கு நான் சொல்வது ஆபெர்டேர் பக்கத்திலுள்ள டேர் பள்ளத்தாக்கு கன்ட்ரி பார்க். கார்டிஃபிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். கிறிஸ்துமஸ் அன்று ரயில் கிடையாது, மறுநாளையும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஏரியும் மலையும் பார்த்தால் காலங்காலமாக இப்படியே இருந்த இடம் என்று தோன்றும். உண்மையில் இது நிலக்கரிச் சுரங்கம் இருந்த மண். 1966 அக்டோபர் 21 அன்று, பக்கத்துப் பள்ளத்தாக்கில் அபெர்வான் என்ற ஊரில், மலைமேல் குவித்திருந்த சுரங்கக் கழிவு மழையில் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் வேல்ஸ் முழுக்க இந்தக் கழிவு மேடுகளை அகற்றும் வேலை வேகம் பிடித்தது. டேர் பள்ளத்தாக்கும் அந்தக் காலத்தில் சீரமைக்கப்பட்டு, 1973-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மழை அரித்த இடத்தில் மண்ணைக் கிள்ளிப் பாருங்கள், புல்லுக்கு அடியில் கறுப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்து கை கழுவிய பிறகும் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு தங்கும்.

சரி, உடுப்பு. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, குளிர் எலும்புக்குள் போகும். பருத்தி பனியனும் அப்படித்தான். கம்பளி அல்லது ஃபிளீஸ், மேலே மழைக்கோட்டு, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் பூட்ஸ். புதிதாக வாங்கப் பணமில்லையென்றால் சேரிட்டி கடைகளில் தேடுங்கள். டார்ச் கட்டாயம். மலையில் ஏதாவது ஆபத்து என்றால் 999 அழைத்து, முதலில் போலீஸ், அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும்.

குழுவில் வழிகாட்டி முன்னே போவார், கடைசியில் ஒருவர் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு வருவார். பாதியில் திரும்புவதானால் இவர்களிடம் சொல்லாமல் போகாதீர்கள். உங்களைத் தேடி எல்லோரும் குளிரில் நிற்பார்கள். முதல் தடவை மூன்று நான்கு மைல் நடையே போதும். வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள். ஆடு மேயும் இடம். மதியத்துக்கு எலுமிச்சை சாதமும் பிளாஸ்க்கில் டீயும் போதும். முறுக்கு கொஞ்சம் கூடுதலாக எடுத்துப் போங்கள், பேச்சு தானாக ஆரம்பிக்கும்.

எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. முறுக்கு எடுக்கக் கை நீட்டிய ஒரு பெரியவரின் புறங்கையில் நீலமாக ஒரு கோடு. பச்சை குத்தியது என்று நினைத்தேன். காயத்தில் நிலக்கரித் தூள் புகுந்து, மேலே தோல் மூடிய தழும்பாம். அவர் டவர் சுரங்கத்தில் வேலை செய்தவர். மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தைத் தொழிலாளர்களே ஆளுக்கு 8,000 பவுண்ட் போட்டு வாங்கி, 1995 முதல் 2008 வரை நடத்தினார்கள். நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேன் என்றதும், 1948-இல் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையைத் தொடங்கிய அனைரின் பெவனும் சிறுவயதில் சுரங்கத்துக்குப் போனவர்தான் என்றார். என் வார்டில் மூச்சுத் திணறும் தாத்தாக்கள் தங்களுக்கு 'டஸ்ட்', அதாவது நுரையீரலில் நிலக்கரித் தூசி படிந்த நோய், என்று சொல்வதன் முழு அர்த்தமும் அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

திரும்பியதும் பூட்ஸைக் கழுவி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடித்துவிடும்.