முதல் வெல்டிங்குக்கு ஒரு ஸ்டூல்

வெல்டிங் பழக, 25 மி.மீ. சதுரக் குழாயில் செய்யும் சிறிய ஸ்டூல் ஏற்றது. துத்தநாகப் பூச்சுள்ள குழாயைத் தவிர்க்கவும். அதன் புகை காய்ச்சலைத் தரும். குழாயின் கனம் 2 மி.மீ. என்றால், 2.5 மி.மீ. தடிமனுள்ள 6013 வகை வெல்டிங் ராடுக்கு (உருகி இணைப்பாகும் பூச்சுள்ள கம்பி) மெஷினில் 60 முதல் 80 ஆம்பியர் வரை வைத்து, முதலில் துண்டு இரும்பில் பழகலாம்.

ஒரு மூலையை முழுதாகப் பற்றவைத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் கோணிவிடும். என் முதல் ஸ்டூல் அப்படித்தான் நொண்டியது. ஆறும் உலோகம் சுருங்கிக் குழாயைத் தன் பக்கம் இழுக்கும் என்பதால், நான்கு மூலைகளிலும் பொட்டு வைத்தாற்போல் டேக் (சிறு தற்காலிக வெல்டிங்) அடித்து, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என அளந்த பிறகே, எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி முழு வெல்டிங் செய்ய வேண்டும். 10ஆம் எண் கருங்கண்ணாடி வழியே பார்க்கும்போது சுடரை விட்டுவிட்டு, அதன் பின்னே உருகித் தேங்கும் குழம்பைக் கவனியுங்கள். வெல்டிங் மேல் படியும் கசடைத் தட்டும்போதும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.