டிரமடோலைக் குறைப்பது எப்படி: ஒரு தையல்காரியின் கணக்கு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் 26 ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறேன். முதுகெலும்பு தேய்ந்த வலிக்கு டிரமடோல் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலிமருந்து, 50 மில்லிகிராம் கேப்சூல், நாளுக்கு ஆறு, மூன்று ஆண்டுகள் விழுங்கினேன். ஒரு கிளினிக்கில் கேட்டபோதெல்லாம் கொடுத்தார்கள். இன்னும் எத்தனை நாளைக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். விரதத்தோடு மாத்திரையையும் விட்டுவிடலாம் என்று ஒரே நாளில் ஆறையும் நிறுத்தினேன். மறுநாள் மாலை கொட்டாவிமேல் கொட்டாவி. மூக்கு ஒழுகியது, கையில் ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. சளிக்காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டேன். இரவு படுக்கையில் கால்கள் மெஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருந்தன. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. அந்த வருடம் தண்ணீர்மலை அடிவாரத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

சாமி குற்றம் என்றார் மாமியார். உடல் அந்த மருந்துக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான். டிரமடோல் மூளையில் செரோடோனினையும் தொடுகிற மருந்து என்பதால், திடீரென்று விட்டால் படபடப்பும் மின்சாரம் தொட்டதுபோன்ற அதிர்வும்கூட வரலாம்.

ஆகவே முதல் வேலை, டாக்டரிடம் மறைக்காமல் சொல்வது. தூக்க மாத்திரை, மனச்சோர்வு மருந்து, மது எல்லாவற்றையும் சேர்த்துத்தான். ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவர்கள் மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது நல்லது என்றார் வலி நிபுணர். கேப்சூலைப் பாதியாக்க முடியாது. எனவே எனக்கு ஒன்றைக் குறைத்தால் எட்டு வாரம் காத்திருப்பு. மதிய வேளையை முதலில் எடுத்தேன். இரவு வேளை கடைசி. கடைசி ஒன்றுதான் பாடாய்ப் படுத்தியது. அதைச் சொட்டு மருந்தாக மாற்றித் தந்து இன்னும் சின்னச் சின்ன அளவாக இறக்கினார்கள். தீபாவளித் தையல் நெருக்கடியில் குறைக்காமல் அப்படியே நின்றேன். நிற்கலாம், ஏறக்கூடாது.

ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் முதல் வாரம் வலி கூடியது. நோய் முற்றிவிட்டதோ என்று பயந்தேன். அதில் பெரும்பங்கு மருந்து குறைந்ததன் எதிரொலி. இரண்டாம் வாரத்துக்குள் அடங்கியது. அதனால் அளவு எழுதும் நோட்டுப் புத்தகத்திலேயே தேதி, கேப்சூல், தூக்கம், தைத்த ரவிக்கை என்று குறித்தேன். வலிக்கு மதிப்பெண் போடுவதைவிட ரவிக்கைக் கணக்கு உண்மை பேசியது.

போனில் 20 நிமிட அலாரம் வைத்தேன். அடித்தால், வலி இல்லாவிட்டாலும் எழுந்து கடை வாசல்வரை நடப்பேன். நல்ல நாளில் ஆறு ரவிக்கை தைத்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கிடந்த பழக்கம் இதனால்தான் போனது.

கூலிமிலிருந்து கொழுந்தனார் பிளாஸ்டிக் பையில் 'கெத்தும்' (கிராத்தோம்) இலை ஊறிய தண்ணீர் கட்டிக் கொண்டுவந்தார். "இலைச்சாறுதானே அண்ணி" என்றார். அதில் உள்ள மித்ராஜினின் என்ற பொருளும் மூளையில் டிரமடோல் தட்டும் அதே அபின் கதவைத்தான் தட்டுகிறது. அதற்கும் உடல் பழகிவிடும். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டதும்கூட. பையோடு திருப்பி அனுப்பினேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்.

முக்கியமானது ஒன்று. சில வாரம் குறைத்தபின் தாங்கமுடியாமல் பழைய அளவுக்கே திரும்பிவிடாதீர்கள். உடலின் பழக்கம் அதற்குள் குறைந்திருக்கும். முன்பு தாங்கிய அளவே மூச்சை அடக்கிவிடலாம். மனம் இருண்டு, வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுபவர்களும் என் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்கு வேறு கணக்கு.

எனக்கு 16 மாதம் ஆனது. இடுப்பு இன்னும் வலிக்கிறது, குறிப்பாக மழை நாளில். இந்தத் தைப்பூசத்துக்கு மலை ஏறவில்லை. தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றினேன், 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.