‘படி’ என்று சொல்லாமல் படிக்க வைப்பது எப்படி? கோடை விடுமுறைக்கு ஒரு செய்முறை

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பாடம் படிப்பதும் படிப்புதான், கதை படிப்பதும் படிப்புதான், இரண்டுக்கும் ஒரே சொல். வருஷம் முழுக்க "போய்ப் படி", "படிச்சியா", "படிக்காம என்ன விளையாட்டு" என்று கேட்டுச் சலித்த பிள்ளை, ஒரு வழியாகப் பரீட்சை முடிந்து லீவு விட்ட மறுநாள் கையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து "இதைப் படி" என்றால் என்ன நினைக்கும்? மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க என்றுதான். அதனால் இந்தக் கோடையில் அந்தச் சொல்லை ஓரமாக வைத்துவிடுங்கள். "கதை வாசிக்கலாமா", "அந்தப் பூனைக்கு என்ன ஆச்சுன்னு பார்ப்போமா" என்று கேட்டாலே போதும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள், மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. கீழே உள்ளவை அவர்களோடு நான் செய்துபார்த்தவை. கிட்டத்தட்ட 5 முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும், இதற்கு முன் எதுவுமே செய்யாதவர்களும் இன்றைக்கே தொடங்கலாம்.

1. முதல் சில நாள் கவனிப்பு மட்டும்

லீவு தொடங்கிய அன்றே அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். நாலைந்து நாள் பிள்ளை எதைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்கிறது, எதைக் கண்டால் நின்றுவிடுகிறது, விளையாடும்போது யாராக மாறிக்கொள்கிறது என்று பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள். என் மகன் எறும்பு வரிசையைக் கண்டால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவான். நடுவில் ஒரு குச்சியை வைத்து, எறும்பு எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான். அவனுக்கு நான் அதுவரை வாங்கிக் கொடுத்ததெல்லாம் ராஜா கதைகள். சீட்டில் ‘எறும்பு’ என்று எழுதிய பிறகு எறும்பு, தேனீ, கறையான் பற்றிய படப் புத்தகங்களைத் தேடிக் கொண்டுவந்தேன், அவன் யாரும் சொல்லாமல் தானாக எடுத்துப் புரட்டிய முதல் புத்தகங்கள் அவைதான்.

2. புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்

இதை மட்டும் செய்தால்கூட பாதி வேலை முடிந்தது என்பேன். நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள், பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் அட்டை கிடைக்குமென்றால் அதை வாங்கி அதன் கையிலேயே கொடுங்கள். பிறகு அலமாரிப் பக்கம் அனுப்பிவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். "இது உனக்குச் சின்னப் பிள்ளைப் புத்தகம்", "இதுல வெறும் படம்தானே இருக்கு" என்றெல்லாம் நாக்கு நுனி வரை வரும், சொல்லாதீர்கள். படக்கதை, விடுகதை, விண்வெளி, டைனோசர், ஏற்கெனவே ஏழு தடவை முடித்த அதே புத்தகம், எதுவானாலும் சரி. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பது கெட்ட பழக்கம் இல்லை, தெரிந்த கதையில்தான் பிள்ளை திக்காமல் வாசிக்கப் பழகும்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கோடைதோறும் 12 புத்தகம், தொடர்ந்து மூன்று கோடைகள், இலவசமாகக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாவது கோடை முடிந்தபோது அந்தப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன், புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட மேலே இருந்தது. தனி வகுப்பு, டியூஷன் எதுவும் வைக்கவில்லை. இதே விஷயத்தை இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதியாக எழுதிவிட்டார்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர். பிள்ளையும் ஒரு வாசகர்தானே.

எடுத்த புத்தகம் கடினமா என்று தெரிய ஐந்து விரல் சோதனை போதும். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கும்போது, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால் அது தனியாக வாசிக்கக் கடினம், இரண்டு மூன்று என்றால் சரியான அளவு. ஐந்தும் மடங்கியது என்பதற்காகப் புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பி வைக்காதீர்கள். அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம், அவ்வளவுதான்.

பக்கத்தில் நூலகம் இல்லையென்றால் ஸ்டோரிவீவர் இணையதளத்தைப் பாருங்கள். பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய தளம் அது, தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, நான்கு நிலைகளாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். முடிந்தால் அச்செடுத்துக் கொடுங்கள், திரை வேறு பக்கம் இழுத்துப் போய்விடும்.

3. கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்

அலமாரியில் முதுகு மட்டும் தெரிய அடுக்கிய புத்தகத்தைச் சின்னப் பிள்ளை தொடாது. அட்டைப்படம் தெரியும்படி, தரையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில், ஐந்தாறு புத்தகம் போதும். வாரம் ஒரு முறை மாற்றிவிடுங்கள். வெளியே போகும்போது பையிலும் ஒன்று இருக்கட்டும், காத்திருக்கும் நேரத்தில் போனுக்குப் பதில் அதுதான் முதலில் கைக்கு வர வேண்டும்.

4. பதினைந்து நிமிடம், அதுவும் ஒரே நேரத்தில்

ஒரு மணி நேரம் என்று தொடங்கினால் மூன்றாம் நாளே நின்றுவிடும். 15 நிமிடம் வையுங்கள், ஏற்கெனவே தினமும் நடக்கிற ஏதாவது ஒன்றோடு அதைச் சேர்த்துவிடுங்கள், குளித்த பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூங்கும் முன். அந்த 15 நிமிடம் நீங்களும் எதையாவது வாசிக்க வேண்டும், போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு. இது பெரியவர்களுக்குத்தான் கஷ்டம். ஆனால் அம்மாவோ அப்பாவோ புத்தகத்தில் மூழ்கி, கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் இருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு, அதில் ஏதோ இருக்கிறது என்று தானாகவே தோன்றும்.

5. வாசித்துக் காட்டுங்கள், தானாக வாசிக்கத் தெரிந்த பிறகும்

பெரும்பாலான வீடுகளில் பிள்ளை எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம், "இனிமே நீயே வாசி" என்று. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தொடக்கப் பள்ளி வயதில் பிள்ளையால் தானே வாசித்துப் புரிந்துகொள்ள முடிவதைவிட, காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடிவது எவ்வளவோ அதிகம். 9 வயதுப் பிள்ளை தனியாக வாசிக்கத் திணறும் கதையை, நீங்கள் வாசித்தால் கண் இமைக்காமல் கேட்கும். சொல்வளமும் இப்படித்தான் ஏறுகிறது. 1988-இல் ஹேஸ், அரென்ஸ் என்ற இருவர், படித்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் பேச்சையும் சிறுவர் புத்தகங்களையும் ஒப்பிட்டார்கள். ஆயிரம் சொல்லுக்கு எத்தனை அரிய சொல் வருகிறது என்று எண்ணியபோது சிறுவர் புத்தகம்தான் முன்னே நின்றது. நாம் வீட்டில் நாள் முழுக்கப் பேசினாலும் ‘அகழி’, ‘துடுப்பு’, ‘மூடுபனி’ எல்லாம் நம் வாயில் வராது, கதையில் வரும்.

எப்படி வாசிப்பது? மெதுவாக. கிழவனுக்கு ஒரு குரல், குரங்குக்கு ஒரு குரல், கூச்சப்படாமல். படம் இருக்கும் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பிள்ளை பார்த்து முடிக்கட்டும். பெரிய கதை என்றால் குகைக்குள் கால் வைக்கிற இடமாகப் பார்த்து "மிச்சம் நாளைக்கு" என்று மூடிவிடுங்கள். என் மகள் ஒரு காலையில் நான் அடுப்படியில் இருந்தபோது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, சுவரில் சாய்ந்து நின்றபடியே மிச்சத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள், ராத்திரி வரை பொறுக்க முடியவில்லையாம். அப்புறம் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள் என்று ஆகிவிட்டது.

6. தமிழ் வாசிக்கும்போது எங்கே தடுக்குகிறது

பள்ளியில் ஆங்கிலம் சரளமாக வாசிக்கிற பிள்ளைகூடத் தமிழ்ப் புத்தகத்தைக் கண்டால் நழுவும், பார்த்திருப்பீர்கள். 247 எழுத்து என்று பயமுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, அவற்றோடு ஆய்தம், இந்த 31 பழகிவிட்டால் மீதி 216-உம் உயிரும் மெய்யும் சேர்ந்த சேர்க்கைதான். உண்மையான தடங்கல் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளமாக வருவது. என் மகள் ‘பறந்துகொண்டிருந்தது’ என்ற சொல்லில் ‘பறந்து’ வரை வந்து நின்றுவிட்டாள், உதடு மட்டும் அசைகிறது. நான் ‘கொண்டிருந்தது’ மேல் விரலை வைத்து மறைத்தேன், "பறந்து" என்றாள், விரலை எடுத்தேன், "கொண்டிருந்தது". அடுத்த பக்கத்தில் ‘சிரித்துக்கொண்டிருந்தது’ வந்தபோது அவளே விரலை வைத்து மறைத்துக்கொண்டாள். இன்னொன்று, ஓர் எழுத்துக்குப் பல ஒலி. ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் ககர வரிசை எழுத்துதான், ஒலி மூன்று விதம். இதற்கு விதி சொல்லிக் கொடுக்க உட்கார வேண்டாம், நீங்கள் வாசிக்கும்போது பிள்ளை எழுத்தின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே கேட்டால் போதும், பழகிவிடும்.

தவறாக வாசித்தால் உடனே குறுக்கிடாதீர்கள். அர்த்தம் கெடவில்லையென்றால் விட்டுவிடலாம், கெட்டால் வாக்கியம் முடிந்ததும் அந்தச் சொல்லை மட்டும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

7. கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இதுதான். போன கோடையில் மகள் ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு ஓடி வந்தாள், முகமெல்லாம் சந்தோஷம். நான் கேட்ட முதல் கேள்வி "இந்தக் கதையிலிருந்து என்ன கத்துக்கிட்ட?" அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "நல்லவங்களா இருக்கணும்" என்று ஒப்பித்துவிட்டுப் போனாள், அதற்கு அப்புறம் ஒரு வாரம் என் முன்னால் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

இப்போது என் முறை வேறு. "உனக்கு எந்த இடம் பிடிச்சது", "நீயா இருந்தா கதவைத் திறந்திருப்பியா", "அவன் ஏன் பொய் சொன்னான்னு எனக்குப் புரியல" என்று சரியான விடை இல்லாத பேச்சாகப் பேசுகிறேன். இதற்கு உரையாடல் வாசிப்பு என்றே பெயர் இருக்கிறது. 1988-இல் உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு, கதையைக் குழந்தை வாயால் சொல்லவைக்கும் விதத்தைப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சுத் திறன் மேம்பட்டிருந்தது.

8. பரிசு விஷயத்தில் கவனம்

பத்துப் புத்தகம் முடித்தால் பொம்மை என்று பேரம் வைத்தால், பிள்ளை மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுக்கும், பொம்மை கைக்கு வந்ததும் நிறுத்திவிடும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்த சோதனையில், பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரைவதற்குச் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்துபோனது. முன்பு ஆசையாக வரைந்துகொண்டிருந்த குழந்தைகள் அவர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நேரத்தைக் கொடுங்கள். "இன்னைக்குப் புத்தகம் வச்சிருந்தா விளக்கை அரை மணி நேரம் கழிச்சு அணைக்கலாம்" என்பது எங்கள் வீட்டில் நன்றாக வேலை செய்கிறது.

9. பிடிக்கவில்லை என்றால்

பாதியில் மூடிவைக்க விடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். ஆனால் எந்தப் புத்தகம் கொடுத்தாலும் தவிர்க்கிறது, வரியைத் தவறவிடுகிறது, கண்ணைச் சுருக்குகிறது, தலைவலி என்கிறது என்றால் முதலில் கண் பரிசோதனை. பார்வை சரியாக இருந்தும், நன்றாகப் பேசுகிற பிள்ளை எழுத்தில் மட்டும் தொடர்ந்து திணறினால், டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடு பற்றித் தெரிந்த நிபுணரிடம் காட்டுங்கள். அது சோம்பலும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை, திட்டினால் சரியாகாது, முறையான பயிற்சி கொடுத்தால் வாசிப்பு முன்னேறும்.

10. கடைசி வாரம்

பள்ளி திறக்கும் முன் எல்லாப் புத்தகத்தையும் முடித்துவிடும் அவசரம் வேண்டாம். நல்ல விறுவிறுப்பான ஒரு கதையை அந்த வாரம் தொடங்கி வையுங்கள், பள்ளி திறக்கிற நாளன்று அது பாதியில் இருக்கட்டும். என் மகளுடைய புத்தகத்தில் இப்போது 64-ஆம் பக்கத்தில் ஒரு வேப்பிலை இருக்கிறது, அடையாளத்துக்கு அவளே வைத்தது.