வளரிக்கு மந்திரம் ஏற்றுவது எப்படி?

ஆளுக்கொரு வீரனாக மாறி, டைஸ் உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட வந்த யாருக்கும் சொந்தமாக ஒரு மந்திர ஆயுதம் செய்து பார்க்க ஆசை வரும். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஞாயிறு மதியம் ஆடும் ஆட்டத்துக்கு நான் முதலில் செய்த வாள் நெருப்புக் கக்கும், பறக்கும், பேசவும் பேசும். இரண்டே வாரத்தில் அக்கா மகன் ஒருவனே எல்லா அரக்கர்களையும் முடித்துவிட்டான். மற்ற மூவரும் தேன்குழலைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சரி, இந்த முறை அடக்கமாக ஒன்று செய்வோம்.

முதலில் ஆயுதம். சிவகங்கைச் சீமையில் இருந்துகொண்டு வளரியை விட்டுவிட்டு வேறெங்கே போவது? எறிந்து தாக்கும் ஆயுதம், பிறை வடிவம், ஒரு முனை கனம். சின்ன மருதுதான் தனக்கு அதை எறியக் கற்றுக்கொடுத்தார் என்று ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து எண்கள். இதைப் புதிதாக யோசிக்கவே வேண்டாம். ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பில் ஜாவலினுக்கு (எறியீட்டிக்கு) உள்ளதை அப்படியே கடன் வாங்குங்கள்: சேதம் 1டி6 (ஆறு முக டைஸ் ஒன்று), வீச்சு 30 அடி, டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததை எடுப்பது) 120 அடி வரை. குத்துக்காயத்தை மட்டும் அடிகாயமாக மாற்றினால் போதும்.

அப்புறம் தரம். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். தாக்கும் டைஸிலும் சேதத்திலும் ஆயுதம் கூட்டித் தரும் எண் +1 என்றால் அரிதுத் தரம் அன்காமன், +2 ரேர், +3 வெரி ரேர். 20 முக டைஸில் ஒவ்வொரு +1-ம் வெற்றி வாய்ப்பை 5 சதவீதம் கூட்டும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு எறிக்கும் அது கூடவே வரும். முதல் நான்கு லெவலுக்கு +1-ஐத் தாண்டாதீர்கள்.

இனி மந்திரம். எறிந்த வளரி கைக்கே திரும்பும் என்பார்கள். இலக்கில் மோதிய கட்டை எங்கே திரும்பும்? நிஜ ஆயுதம் கைவிடும் அந்த இடத்தில்தான் மந்திரத்தை வைக்க வேண்டும். ஆகவே நம் வளரி அடித்தாலும் திரும்பும். இன்னொன்று: மூன்று சார்ஜ், அதாவது மூன்று முறை செலவழிக்கும் சக்தி. ஒன்றைச் செலவழித்தால், அடிபட்டவர் 13-க்கு ஸ்ட்ரெங்த் சேவ் (20 முக டைஸில் விழுந்ததோடு தன் வலு எண்ணைக் கூட்டி 13-ஐ எட்டுவது) போட வேண்டும்; தவறினால் கால் இடறி விழுவார். வலு எண் +2 உள்ள எதிரி இதில் சரிபாதி நேரம் விழுவான். விடியும்போது 1டி3 சார்ஜ் திரும்பும். அட்யூன்மென்ட் (பொருளைத் தன்னோடு பிணைத்துக்கொள்வது) கட்டாயம், ஒருவருக்கு மூன்று பொருள்தான் என்ற வரம்பு இருப்பதால் அதுவே ஒரு விலை. எனக்கு அது போதவில்லை. டைஸில் 1 விழுந்தால் வளரி வராது, போய்த்தான் எடுக்க வேண்டும் என்றும் சேர்த்தேன்.

எழுதும்போது வார்த்தையில் கவனம். பழைய வாளுக்கு “நாளைக்கு ஒரு முறை” என்று எழுதிவிட்டு, கதையில் பொழுது விடிந்ததா இல்லையா என்று அரை மணி நேரம் சண்டை போட்டோம். “விடியும்போது” என்றால் வாக்குவாதம் இல்லை.

கடைசியாக, ஆட்டத்துக்கு முன்பே ஒரு பொய்ச் சண்டை நடத்திப் பாருங்கள், வளரியோடு ஒரு தடவை, வெறும் ஜாவலினோடு ஒரு தடவை. ஆத்தங்குடித் தரையில் டைஸ் வழுக்கிக்கொண்டு தூண் வரை போகும், ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு முதல் எறியிலேயே 1 விழுந்தது. வளரி ஊருணிக்குள் போய்விட்டது. தன் வீரனுக்கு நீச்சல் தெரியுமா என்று அக்கா மகன் இன்னும் தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.